கோவில்பத்தில் பயிற்சி பெற்ற இயந்திரம்

காரைக்காலில் நவநீதனின் குரலைக் கேட்காதவர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்குக் காலையில்தான் பேருந்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். மாங்கனித் திருவிழா, தர்காவில் கந்தூரி, கல்யாணம், கட்சிக் கூட்டம், துணிக்கடைத் திறப்பு, எதுவானாலும் ரிஃபாய் சவுண்ட் சர்வீஸ் வண்டி வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து அந்தக் குரல் கிளம்பும்.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துத் தருவதில் அவன் கெட்டிக்காரன். மற்ற அறிவிப்பாளர்கள் சிவப்புச் சட்டை போட்ட குழந்தையைக் காணவில்லை என்பார்கள். திருவிழாவில் சிவப்புச் சட்டை போடாத குழந்தை ஏது? நவநீதன் பெற்றவளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "கோபம் வந்தால் தரையில் உட்கார்ந்துகொள்ளும் குழந்தை, ஆகவே எல்லோரும் கீழே பாருங்கள்" என்பான். கூட்டம் மொத்தமும் குனிந்து பார்க்கும். குழந்தை கிடைத்துவிடும்.

இப்படி ஊரே அறிந்த ஆள், அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஒரு வேலையும் செய்யாதவன். செய்யவும் கூடாதவன்.

முன்பு அவனுக்கும் மைக்குக்கும் சம்பந்தமே கிடையாது. ரிஃபாய் பாயிடம் மரமேறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டும் ஆளாகத்தான் இருந்தான். மாமியார் ஊரான சுரக்குடியில் ஒரு காதுகுத்துக்குத் தென்னையில் குழாய் கட்டிவிட்டு இறங்கும்போது, பிடித்த மட்டை கையோடு வந்துவிட்டது. குழாய் மேலே பாடிக்கொண்டிருந்தது. நவநீதன் தரையில் கிடந்தான். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே இருந்த எதுவும் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்து கூரையை வெறித்துக்கொண்டிருந்தவனிடம் ஒருநாள் ரிஃபாய் பாய் ஒரு மைக்கைக் கொண்டுவந்து போட்டார்.

"கால்தானடா போச்சு, தொண்ட இருக்குல்ல? பேசுடா."

"என்னத்த பாய் பேசுறது?"

"எதையாச்சும் பேசு. நீ பேசாம கெடக்குறது எனக்கு நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

பேசிப் பார்த்தான். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அன்றிலிருந்து சின்ன சரக்கு வண்டியின் பின்பக்கம் அவன் இடமானது. சக்கர நாற்காலியை உள்ளே ஏற்றிக் கயிற்றால் கட்டி, வெயில் படாமல் இருக்கக் கறுப்புத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டார் பாய். திரையில் கண்ணளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக நவநீதன் ஊரைப் பார்த்தான், ஊர் அவனைக் கேட்டது.

பிழைப்பு ஓடியது. உடம்புதான் சண்டித்தனம் செய்தது. சிறுநீருக்குப் பை மாட்டியதிலிருந்து கல் சேர்ந்தது, கல்லோடு காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. படுக்கை, ஸ்கேன், மருந்து எல்லாம் வீட்டிலிருந்த, ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டையின் தயவில் நடந்தன. இப்போது இடது சிறுநீரகத்தில் பெரிய கல் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு வரிசை நீளம், பொங்கல் கழித்து வாருங்கள் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அதையும் தவறவிட்டால் அந்தச் சிறுநீரகத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

ரிஃபாய் பாய்க்கு அவனை முறையாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள ஆசை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரே கட்டடம். மாடியில் ஒரு மேசை, கீழே ஒரு மேசை. மாடி மேசை, மாற்றுத்திறனாளிகளே, வேலைக்குப் போங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்று ஊக்கம் கொடுக்கும். யார் அங்கே போனாலும் ஒரு கையேடும் வாழ்த்தும் கிடைக்கும். மாடிக்குப் படிதான் உண்டு என்பதால் நவநீதனுக்கு இரண்டையும் கீழே அனுப்பிவைத்தார்கள். கீழ் மேசை, அட்டைகளைச் சரிபார்க்கும் மேசை.

கீழே இருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான். விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"சம்பளம்னு ஒண்ணு வந்தா அட்ட மஞ்சளாயிருங்க. மஞ்சளாயிட்டா ஆஸ்பத்திரிச் சலுக கெடையாது."

"எனக்கு வர்ற சம்பளத்துல அரிசி வாங்கலாங்க. கிட்னி வாங்க முடியாதே."

"அப்ப வேலைக்குப் போவாதீங்க."

"மாடியில போவச் சொல்றாங்களே?"

"அது மாடிங்க," என்றார் எழுத்தர் பொறுமையாக. "இது கீழ."

இதற்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது? நவநீதன் வேலைக்கு வருவான், ஆனால் வேலை செய்யமாட்டான் என்று அவனும் பாயும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சம்பளம் என்ற பேச்சே கூடாது. பாய் மனசாட்சிக்குப் பயந்தவர், சும்மா வேலை வாங்க அவருக்கு மனம் வராது. ஆகையால் கல்யாண சீசன் முடிந்ததும் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். கந்தூரி முடிந்ததும் இன்னொன்று. அவருக்குப் பரிசு என்றால் மின்விசிறிதான் தோன்றும் போலிருக்கிறது. கோவில்பத்தில் நவநீதனின் ஒன்றரை அறை வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று வந்தது. அடுப்பில்தான் தீ நிற்கவில்லை.

இதில் எல்லோரையும்விட நொந்துபோனவள் அவன் மனைவி இளவேனில். நடவு, களை என்று வேலை இருக்கும் நாளில் சுரக்குடிக்கு வயலுக்குப் போய்விடுவாள். வேலை இல்லாத நாளில் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் எந்த வீட்டின் முன்னால் நின்று ஆண்பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து பெண்குரல், "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க" என்று வரும். மீன்காரி கேட்டாலும் அதே பதில்தான், ஓட்டுக் கேட்க வந்தவன் கேட்டாலும் அதே பதில்தான். இளவேனிலும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். இப்போது, யார் எந்த ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்களோ என்ற பயத்தில், "சும்மாதாங்க இருக்காரு" என்று சொல்லப் பழகிவிட்டாள். அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வாய் கசந்தது. புருஷன் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீடு வந்து சேர்வான், அவள் அவனுக்கு மிளகுக் கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே வாசலுக்குக் குரல் கொடுப்பாள்: "சும்மாதாங்க படுத்திருக்காரு."

ஊருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். கீழ் மேசை எழுத்தருக்கும் தெரியும். அவருடைய மாமியாரைக் கந்தூரிக் கூட்டத்தில் கண்டுபிடித்துக் கொடுத்ததே இந்தக் குரல்தான். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் காரைக்கால்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த வருடம் கைலாசநாதன் என்ற அதிகாரி புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்தார். ஆள் பற்றாக்குறை என்று மாடி மேசையையும் கீழ் மேசையையும் அவர் ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். காலையில் கீழே உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களைக் கண்டுபிடித்து அட்டையை மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியேறி, ஏன் யாருமே வேலைக்குப் போக முன்வருவதில்லை என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் வீதியில் எழுந்தருள, இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். கீழே இருப்பவர்கள் குடையைத் தலைகீழாக விரித்தும் வேட்டியை ஏந்தியும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்குப் புதியவரான கைலாசநாதன் பழத்தைப் பிடிப்பதா ஒதுங்குவதா என்று யோசித்த வேளையில், நல்ல கனமான பழமொன்று மூக்கிலேயே வந்து விழுந்தது. மூக்குக்கண்ணாடி பறந்தது.

நவநீதன் ஓட்டை வழியாக அதைப் பார்த்துவிட்டான்.

"மஞ்சள் புடவை கட்டிய அம்மா," என்று வீதியெங்கும் குரல் ஒலித்தது. "உங்கள் பையில் மாம்பழத்தோடு ஒரு மூக்குக்கண்ணாடியும் விழுந்திருக்கிறது. கண்ணாடியைத் தட்டுத்தடுமாறி நிற்கும் சாரிடம் கொடுத்துவிடுங்கள். பழத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்."

கண்ணாடி திரும்பக் கிடைத்ததும் கைலாசநாதன் நெகிழ்ந்துபோய் நேராக வண்டிக்கு வந்தார். தான் இன்ன அலுவலகத்தில் இன்ன அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, "அறிவிப்புச் செஞ்சவரப் பாத்து நன்றி சொல்லணும்" என்றார்.

ரிஃபாய் பாய் அவசரமாகத் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆளா? ஆளெல்லாம் கெடையாது சார்."

"பின்ன?"

பாய் வானத்தைப் பார்த்தார். அல்லா அவருக்கு அந்த நேரத்தில் ஒரு வழியைக் காட்டினான்.

"கம்ப்யூட்டர் சார். இப்ப வந்துருக்குல்ல, ஏ.ஐ.? அது. அதுவா பாக்கும், அதுவா பேசும்."

திரைக்குப் பின்னால் நவநீதன் துண்டு மட்டும் போர்த்திக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான்.

"காரைக்கால்லயா?" என்று வாயைப் பிளந்தார் கைலாசநாதன். "புதுச்சேரியிலகூட இன்னும் வரலையே! தெறங்க, பாப்போம்."

"ஐயையோ, உள்ள ஏ.சி. போட்ருக்கு சார். தெறந்தா மெஷினு சூடாயிரும். கேள்வி வேணா கேளுங்க, பதில் சொல்லும்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு திரையைப் பார்த்து, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார்.

குழாயிலிருந்து குரல் வந்தது.

"நான் ஓர் இயந்திரம். எனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை."

சுற்றி நின்றவர்கள் மாம்பழத்தைக் கடிப்பதை நிறுத்தினார்கள். அவர்களில் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"தமிழ் நம்ம ஊரு வாடையோட பேசுதே," என்று அதிசயப்பட்டார் கைலாசநாதன்.

"ட்ரெயினிங் குடுத்துருக்கோம் சார்."

"எங்க?"

"கோவில்பத்துல."

அந்த நேரம் பார்த்து நவநீதனுக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வீதி முழுக்கத் தும்மல் எதிரொலித்தது. பிச்சாண்டவரைத் தூக்கி வந்தவர்கள்கூட ஒரு கணம் நின்றார்கள்.

"அப்டேட் ஆவுது சார்," என்றார் ரிஃபாய் பாய்.

கைலாசநாதன் பரவசமாகிவிட்டார். டிசம்பர் மூன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினம். வேலை பார்த்து முன்னேறிய மாற்றுத்திறனாளிகளுக்குப் பரிசளிப்பு விழா. இந்த இயந்திரம்தான் அன்றைக்குத் தொகுத்து வழங்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"மனுசன வச்சா நடுநடுவுல டீ கேப்பான், சோர்ந்துபோவான். மெஷினுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்ல பாருங்க."

அன்றிலிருந்து வேலை நேரத்தில் நவநீதனுக்குத் தேநீர் நின்றுபோனது. யாராவது பார்த்துவிட்டால்? இயந்திரம் எங்கே டீ குடித்தது? தொண்டை காய்ந்தால் காய்ந்ததுதான்.

ஆவணியில் வீட்டுக்கு வீடு சரிபார்ப்பு வந்தது. கைலாசநாதன் வாசலில் வந்து நின்றபோது நவநீதன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஓடி ஒளிய அவனால் முடியாது. இளவேனில் கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள்.

"வாங்க சார். சும்மாதாங்க இருக்காரு."

அதிகாரி உள்ளே வந்தார். நாலு பக்கமும் காற்று அடித்ததில் அவர் கையிலிருந்த தாள்கள் பறந்தன.

"எதுக்கும்மா இத்தன ஃபேன்?"

"அவருக்கு வேர்க்குங்க."

கைலாசநாதன் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க நவநீதன்?" என்று கேட்டார்.

நல்லா இருக்கேன் சார் என்று சொல்ல வாயைத் திறந்தான் நவநீதன். இளவேனில் முந்திக்கொண்டாள். ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், இது மாங்கனியன்று கேட்ட குரல் என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும்.

"அவருக்குப் பேச்சு வராதுங்க!"

திறந்த வாய் திறந்தபடி இருக்க, நவநீதன் மனைவியைப் பார்த்தான்.

"ரெக்கார்டுல கால் மட்டும்தான இருக்கு?" என்று கைலாசநாதன் தாளைப் புரட்டினார்.

"கால்லேருந்து மேல ஏறிடுச்சுங்க."

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. இரக்கம் உள்ள மனிதர், அதில் சந்தேகமே இல்லை. நவநீதனின் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராதவனுக்குக் காதும் கேட்காது என்ற நினைப்பில் உரக்கக் கத்தினார்.

"கவலப்படாதீங்க! ஒங்க அட்டைக்கு நான் பொறுப்பு! எந்த வேலையும் செய்ய முடியாதவர்னு அழுத்தமா எழுதுறேன்! டிசம்பர்ல விழாவுக்கு வாங்க! நாலு பேரு வேலை செஞ்சு முன்னுக்கு வந்ததப் பாத்தா ஒங்களுக்கும் தெம்பு வரும்! அங்க ஒரு மெஷின் பேசப்போவுது, கேட்டீங்கன்னா அசந்துருவீங்க!"

நவநீதன் தலையை ஆட்டினான்.

அவர் போன பிறகுதான் நவநீதன் வாயைத் திறந்தான்.

"கால் போச்சு, சரி. வாய் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் நீயே புடுங்கிட்டியேடி."

"வாய் இருந்தா கிட்னி போயிரும். ஒங்களுக்கு எது வேணும், சொல்லுங்க." அவள் கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள். "எனக்கு மட்டும் ஆசையா? புருசன் சும்மா இருக்காரு, ஊமையாயிட்டாருன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசலையா?"

அவனுக்கு அவமானமாக இருந்தது. அவள்மேல் கோபமும் வந்தது, அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. பொங்கல் கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள்.

டிசம்பர் மூன்றாம் தேதி ஊரில் நல்ல மழை. விழா மண்டபத்தின் பக்கவாட்டு ஜன்னலை ஒட்டி ரிஃபாய் பாய் வண்டியை நிறுத்தினார். உள்ளே நடப்பது தெரிய ஒரு கைபேசியை மண்டபத் தூணில் கட்டிவிட்டு, இன்னொன்றை நவநீதனின் முன்னால் வைத்தார். அந்தச் சின்னத் திரையில் மேடை தெரிந்தது, முன்வரிசைகள் தெரிந்தன. மூன்றாவது வரிசையில் இளவேனில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் எங்கே என்று கேட்ட அதிகாரியிடம், பின்னால் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். பொய்யும் இல்லை.

தலைமை விருந்தினர் வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி. இயந்திரம் அவரை வரவேற்றதும் கைதட்டினார். பொன்னாடைகள் தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"பட்டினச்சேரியைச் சேர்ந்த திருமதி செல்லம். போலியோவால் ஒரு கால் சூம்பியபோதும் தையல் தொழிலில் சாதனை புரிந்தவர். பரிசு பெற மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்."

யாரும் வரவில்லை. நவநீதன் கைபேசித் திரையைப் பார்த்தான். செல்லம் முன்வரிசையில்தான் இருந்தாள். போன வாரம் இளவேனிலுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவளை அவனுக்குத் தெரியாதா? அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தன்னையே தேடுகிற பாவனையில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்ததாக, கைபேசி பழுதுபார்ப்பில் சிறந்து விளங்கும் திரு. அகரன்."

அகரன் வாசலோரம் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தான். பெயரைக் கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நாற்காலி பின்னும் தொழிலில் தேர்ந்த, பார்வையற்றவரான திரு. கோவிந்தராசு."

கோவிந்தராசு பக்கத்தில் இருந்தவரிடம், "யாரோ கோவிந்தராசாமே, வந்துருக்காரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். இன்றைக்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிற அதே கைலாசநாதன் நாளைக்குக் காலையில் கீழ் மேசையில் உட்காருவார். சாதனை புரிந்தவர்களின் அட்டை சாயங்காலத்துக்குள் மஞ்சளாகிவிடும்.

"மெஷின், இன்னொரு தடவ கூப்பிடு," என்றார் கைலாசநாதன் மேடை மைக்கில்.

நவநீதன் கூப்பிட்டான். கூட்டத்தில் குழந்தையைத் தேடும்போது வராத சோர்வு அன்றைக்கு அவனுக்கு வந்தது. எத்தனையோ பேரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தவன், கண்ணெதிரே இருக்கும் மூன்று பேரை இல்லாதவர்கள் மாதிரி கூவிக்கொண்டிருந்தான்.

தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாருக்காவது ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். கைலாசநாதன் மேடையில் அப்படியும் இப்படியும் நடந்தார். இளவேனில் அவர் கண்ணில் பட்டாள். அவர் முகம் மலர்ந்தது. வேலையே செய்யாத ஒருவன் இருக்கிறானே! அவன் வந்திருக்கிறான் என்று அவளே சொன்னாளே.

"மெஷின், கோவில்பத்து நவநீதனக் கூப்பிடு. பேச்சும் நடையும் இல்லாத நெலையிலயும் மனம் தளராதவர்னு சொல்லு."

நவநீதன் மைக்கைப் பார்த்தான். ரிஃபாய் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கோவில்பத்தைச் சேர்ந்த திரு. நவநீதன்," என்று குரல் ஆரம்பித்தது. "பேச்சும் நடையும் இல்லாத நிலையிலும் மனம் தளராதவர். மேடைக்கு வருமாறு அழைக்கிறோம்."

மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கைலாசநாதனையும் தலைமை விருந்தினரையும் தவிர அங்கே எல்லோருக்கும் கூப்பிடுவது யார் என்று தெரியும்.

"பின்னாடிதான் இருப்பாரு. மறுபடி கூப்பிடு."

"திரு. நவநீதன், எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

"சத்தமா!"

"நவநீதன்!" என்றான் அவன். குரல் நடுங்கியது, இயந்திரத்துக்கு ஆகாத நடுக்கம். "நவநீதன், இருக்கீங்களா? நவநீதன்!"

வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது அது. இளவேனிலுக்கு என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாது. பழைய பழக்கதோஷம், எழுந்து நின்று பதில் கொடுத்துவிட்டாள்.

"அவங்க வேலைக்குப் போயிருக்காங்க!"

அத்தனை வருடமாகத் தொண்டையில் தேங்கிக் கிடந்த வார்த்தை. மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

கைபேசித் திரையில் இளவேனில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதை நவநீதன் பார்த்தான். அட்டை போயிற்று, ஆபரேஷன் போயிற்று என்று அவன் புத்தி சொன்னது. ஆனாலும் வெட்கமில்லாமல் சொல்ல வேண்டும் என்றால், தென்னையிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கைலாசநாதன் இளவேனிலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேடையை விட்டு இறங்கி மழையில் நனைந்துகொண்டே வண்டிக்கு வந்தார். ரிஃபாய் பாய் அவசரமாக மைக்கை அணைத்தார். ஏ.சி. பற்றிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அதிகாரி திரையை விலக்கிவிட்டார்.

கயிற்றால் கட்டிய நாற்காலியும், பக்கத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையும், மடியில் மைக்கும், நீலச் சட்டை முழுக்க வியர்வையுமாக உட்கார்ந்திருந்தான், ஆவணியில் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன அதே ஆள். கைலாசநாதன் வெகுநேரம் அவனையே பார்த்தார். நவநீதன் ஏதோ சொல்ல முயன்றான். அன்றைக்குத்தான் அவனுக்கு நிஜமாகவே பேச்சு வரவில்லை.

"எதுக்கு இதெல்லாம்?" என்று பாயிடம் கேட்டார் அதிகாரி.

"பொங்கல் கழிச்சு ஆபரேசன் சார். அட்ட இருந்தாத்தான் சேப்பாங்க."

"அப்ப உள்ள கூப்பிட்டேனே, அந்த மூணு பேரும்?"

"ஆளுக்கு ஒரு வியாதி சார்."

கைலாசநாதன் திரையைப் பழையபடி இழுத்துவிட்டார். திரும்பிப் போய் மேடை மைக்கின் முன்னால் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நல்லா வேலை செய்யுது," என்றார். "நவநீதனப் பத்தி நான் ஏற்கெனவே எழுதுனது எழுதுனதுதான். அதுல மாத்தம் கெடையாது." பிறகு முன்வரிசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பரிசு வாங்க வேண்டியவங்க தயங்காம வரலாம். நாளைக்கு நான் லீவு. கீழ உக்கார மாட்டேன்."

செல்லம் பாதி எழுந்தாள். பிறகு ஏதோ யோசனை வந்தவளாக நின்றாள்.

"நாளன்னிக்கு வருவீங்களா சார்?"

கைலாசநாதன் ஒரு பொன்னாடையை எடுத்து, மறுபடி தட்டிலேயே வைத்தார். செல்லம் உட்கார்ந்துவிட்டாள். பொன்னாடைகள் மடித்தது மடித்தபடி தட்டிலேயே இருந்தன. தலைமை விருந்தினருக்கே அவற்றில் ஒன்றைப் போர்த்திவிட்டு நன்றியுரைக்குப் போனார்கள்.

நன்றியுரைக்கு நடுவே தேநீர் வந்தது. கைலாசநாதன் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். அதைக் குடிக்காமல் ஜன்னலோரம் போய், கையை வெளியே நீட்டிக் கறுப்புத் திரைக்குள் நுழைத்தார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து டம்ளரை வாங்கிக்கொண்டது. ஆனி மாதத்திலிருந்து வேலை நேரத்தில் தேநீரைக் காணாத கை.

நாட்டுப்பண் அறிவிக்க வேண்டும் என்பதற்காக ரிஃபாய் பாய் அப்போதுதான் மைக்கைத் திரும்பவும் போட்டிருந்தார். ஒரு பெரிய உறிஞ்சல் சத்தம், அதைத் தொடர்ந்து நிம்மதியான ஒரு பெருமூச்சு, இரண்டும் மண்டபத்தின் அத்தனை ஸ்பீக்கர்களிலும் கேட்டன.

தலைமை விருந்தினர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்ன அது?"

"அப்டேட் ஆவுது சார்," என்றார் கைலாசநாதன்.